எம்க்யூடிடி.ஜேஎஸ்: பப்ளிஷ் கால்பேக் பிழையில்லாமல் வருகிறது, ஆனால் சில நோடுகள் கேட்பதே இல்லை

சொட்டுநீர் எழுதியது:

24 நோடுகள் (சிறு கட்டுப்பாட்டுக் கருவிகள்) உள்ள ஒரு பாசன அமைப்பு, செய்திப் பரிமாற்றம் எம்க்யூடிடி நெறிமுறையில். எல்லாம் இஎஸ்பி8266 வைஃபை சிப், அதில் எம்க்யூடிடிக்கான பப்சப்கிளையன்ட் 2.8 லைப்ரரி. ஒவ்வொன்றிலும் ஒரு மண் ஈர சென்சார், ஒரு சொலினாய்டு வால்வு. புரோக்கர் (செய்திகளை வாங்கிக் கேட்பவர்களுக்கு அனுப்பும் இடைச் சர்வர்) மொஸ்கிட்டோ 2.0, ராஸ்பெர்ரி பை 4-இல் ஓடுகிறது. அதே பையில் நோட்ஜேஎஸ் சர்வீஸ் ஒன்று எம்க்யூடிடி.ஜேஎஸ் 5 லைப்ரரி மூலம் நோடுகளோடு பேசுகிறது. புராசஸ்களை ஓட்டிக் கவனிக்கும் பிஎம்2-இல் கிளஸ்டர் மோடு, 2 இன்ஸ்டன்ஸ் (ஒரே சர்வீஸின் இரு பிரதிகள்). கிளையன்ட் ஐடியை கான்ஃபிக் ஃபைலில் நிலையாக வைத்திருக்கிறேன், கிளீன் ஃபால்ஸ் (இணைப்பு அறுந்தாலும் அமர்வைப் புரோக்கர் நினைவில் வைக்கும்).

சிக்கல்கள்:

லேப்டாப்பில் ஓட்டினால் இணைப்பு மணிக்கணக்கில் நிற்கிறது. பையில் ஓட்டினால் ஏறத்தாழ ஒவ்வொரு விநாடியும் குளோஸ், ரீகனெக்ட், கனெக்ட் என்று சுழல்கிறது. எரர் ஈவென்ட் எதுவும் வருவதில்லை.

நேரம் ஆக ஆக ஒரே ரீடிங் டேட்டாபேஸில் பல வரிசைகளாக விழுகிறது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போகிறது.

வால்வைத் திறக்க க்யூஓஎஸ் 1-இல் (குறைந்தது ஒருமுறை போய்ச் சேரும் நிலை) பப்ளிஷ் செய்கிறேன். கால்பேக் பிழையில்லாமல் வருகிறது. பெரும்பாலான நோடுகள் திறக்கின்றன, ஆனால் குறிப்பிட்ட சில மட்டும் ஒருபோதும் திறப்பதில்லை. அவற்றின் ஈர ரீடிங் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபெர்ம்வேர் எல்லாவற்றிலும் ஒன்றே. அனுப்பும் ஜேசனில் ஒரு யூயூஐடி, செயல், எத்தனை விநாடி, மண்டல எண், அனுப்பியவர், நேரம், இடத்தின் பெயர் (தமிழில்) இருக்கும்.

கடைசியாக, ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தில் உள்ள டாஷ்போர்டிலிருந்து புரோக்கரோடு நேரடியாக இணைக்கவே முடியவில்லை.

---

மின்கம்பி எழுதியது:

முதல் சிக்கலுக்கான விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது: கிளஸ்டர் மோடு, 2 இன்ஸ்டன்ஸ், நிலையான கிளையன்ட் ஐடி. ஒரு கிளையன்ட் ஐடிக்கு ஒரே இணைப்பைத்தான் புரோக்கர் அனுமதிக்கும். இரண்டாவது இன்ஸ்டன்ஸ் அதே ஐடியோடு வந்ததும் முதல் இணைப்பை வெட்டிவிடும். வெட்டுப்பட்டது 1000 மில்லிவிநாடி கழித்து (ரீகனெக்ட் பீரியடின் இயல்பு மதிப்பு அதுதான்) திரும்ப வந்து இரண்டாவதை வெளியே தள்ளும். லேப்டாப்பில் ஒரே புராசஸ் ஓடுவதால் அங்கே இது நடக்காது.

எரர் ஏன் வரவில்லை என்றால், எம்க்யூடிடி.ஜேஎஸ் தானாக எடுத்துக்கொள்ளும் 3.1.1 நெறிமுறையில் வெட்டுவதற்குக் காரணம் சொல்ல புரோக்கருக்கு வழியே கிடையாது. சாக்கெட்டை மூடிவிட்டுப் போய்விடும். புரோட்டோகால் வெர்ஷனை 5 என்று வைத்துப் பாருங்கள். டிஸ்கனெக்ட் ஈவென்ட்டில் காரணக் குறி 142 வரும். இதே அமர்வை வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம். புரோக்கர் பக்கம் மொஸ்கிட்டோ லாகிலும் "ஏற்கெனவே இணைந்திருக்கிறது, பழைய இணைப்பை மூடுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி விநாடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்.

24 நோடுக்கு இரண்டு இன்ஸ்டன்ஸ் தேவையே இல்லை. ஃபோர்க் மோடில் ஒன்றை ஓட்டுங்கள், போதும். கட்டாயம் இரண்டு வேண்டுமென்றால் பிஎம்2 கொடுக்கும் நோட்_ஆப்_இன்ஸ்டன்ஸ் மாறியை (0, 1 என்று வரும்) ஐடியின் பின்னால் ஒட்டலாம். ஆனால் அப்போது இரண்டு இன்ஸ்டன்ஸுக்கும் எல்லாச் செய்தியும் போகும், டேட்டாபேஸில் எல்லாம் இரட்டையாகும். அதைத் தவிர்க்க $ஷேர் என்று தொடங்கும் பகிர்வு சந்தா இருக்கிறது. குழுவில் யாராவது ஒருவருக்கு மட்டும் செய்தி போகும். அதற்கும் விலை உண்டு: ஒரே நோடின் அடுத்தடுத்த ரீடிங்குகள் வெவ்வேறு இன்ஸ்டன்ஸுக்குப் போவதால் வரிசை குலையும், பகிர்வு சந்தா போடும்போது ரிடெய்ன் செய்த செய்திகளும் (புதிதாகச் சந்தா எடுப்பவருக்காகப் புரோக்கர் சேமித்து வைப்பவை) வராது. இந்த அளவு வேலைக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இன்னொன்று: பிஎம்2-இல் கிளஸ்டரை ரீலோடு செய்யும்போது புதிய புராசஸ் எழுந்த பிறகுதான் பழையது சாகும். அந்தச் சில விநாடிகளிலும் இதே சண்டை நடக்கும். சிக்டெர்ம், சிக்இன்ட் இரண்டு சிக்னலையும் பிடித்து கிளையன்ட்டை எண்ட் செய்யுங்கள். ஃபோர்ஸ் ட்ரூ கொடுக்காதீர்கள், கையில் இருக்கும் செய்திகள் போய்ச் சேரட்டும்.

இரண்டாவது சிக்கல்: உங்கள் மெசேஜ் லிசனர் கனெக்ட் ஈவென்ட்டுக்கு உள்ளே இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு ரீகனெக்டிலும் ஒரு லிசனர் கூடும், ஒரே செய்தி அத்தனை முறை கையாளப்படும். மெசேஜ், எரர், குளோஸ் லிசனர்கள் எல்லாவற்றையும் வெளியே ஒருமுறை மட்டும் கட்டுங்கள். சப்ஸ்கிரைப் கனெக்டுக்கு உள்ளே இருப்பதில் தீங்கில்லை. ரீசப்ஸ்கிரைப் இயல்பாகவே ட்ரூ என்பதால் ஏற்கெனவே போட்ட சந்தாவை லைப்ரரி நினைவில் வைத்திருக்கும்.

எரர் லிசனரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பை ரீபூட் ஆகி, புரோக்கர் எழுவதற்கு முன் சர்வீஸ் எழுந்தால் இணைப்பு மறுக்கப்படும். கேட்பாரற்ற எரர் ஈவென்ட் புராசஸையே சாய்த்துவிடும். பிஎம்2 அதைத் திரும்ப எழுப்புவதால் உங்கள் கண்ணில் படாமலே இருந்திருக்கலாம்.

---

பைட்_கணக்கு எழுதியது:

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். கேட்காத நோடுகளின் இடப்பெயர் மற்றவற்றைவிட நீளமா? ஆம் என்றால் பேலோடு (செய்தியின் உள்ளடக்கம்) அளவுதான்.

பப்சப்கிளையன்ட் 2.8-இல் பஃபர் 256 பைட். பேலோடுக்கு மட்டுமான இடம் அல்ல அது. ஹெடர், டாப்பிக் (செய்தி போகும் முகவரிப் பெயர்), செய்தி எண் எல்லாம் அதற்குள்தான். டாப்பிக் 30 ஆங்கில எழுத்து என்று வைத்தால்: தலைப்பைட் 1, நீளத்துக்கு 2, டாப்பிக் நீளத்துக்கு 2, டாப்பிக் 30, க்யூஓஎஸ் 1-க்கான எண் 2. ஆக 37 போய்விட்டது, பேலோடுக்கு மிச்சம் 219. அதைத் தாண்டி வரும் செய்தியை லைப்ரரி சத்தமில்லாமல் எறிந்துவிடும். கால்பேக் வராது, பிழையும் வராது, இணைப்பும் அறாது. ரீடிங் மட்டும் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்; அந்தச் செய்தி சின்னது.

தமிழ் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. "மோட்டார்" கண்ணுக்கு நான்கு எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் 8 என்று சொல்லும், கம்பியில் போவது 24 பைட். "வடக்குத் தோட்டம் கிணற்றடி மோட்டார்" என்பது லெங்த் 34, பைட் 96. ஜேசனின் மற்ற பகுதி 140 பைட் என்றால் மொத்தம் 236, பஃபரில் இடமில்லை. அதே இடத்தில் "கிணறு" என்று இருந்தால் 15 பைட், மொத்தம் 155, தாராளமாகப் போகும். ஒரே ஃபெர்ம்வேர் ஒரு நோடில் கேட்டு இன்னொன்றில் கேட்காததன் மர்மம் அவ்வளவுதான்.

ஆகவே அனுப்பும் பக்கத்தில் ஸ்ட்ரிங்கின் லெங்த்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பஃபர் வகுப்பின் பைட்லெங்த் ஃபங்ஷனால் அளந்து, 200-ஐத் தாண்டினால் பப்ளிஷ் செய்யாமல் பிழை எறியுங்கள்.

நோடு பக்கம் செட்பஃபர்சைஸ் 512 என்று கனெக்டுக்கு முன் கூப்பிடலாம். இஎஸ்பி8266-க்கு அது பெரிய சுமை அல்ல. ஆனால் என் யோசனை வேறு: இடப்பெயரை நோடுக்கு அனுப்பவே வேண்டாம். வால்வுக்குத் தன் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? யூயூஐடியும் 36 எழுத்து தின்கிறது. டேட்.நவ் மதிப்பை 36 அடிமானத்தில் ஸ்ட்ரிங்காக்கினால் 8 எழுத்தில் முடியும். ஒரே மில்லிவிநாடியில் பல கட்டளை போகும் என்றால் பின்னால் ஒரு எண்ணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐடி, செயல், விநாடி மூன்று மட்டும் போதும்; 60 பைட்டுக்குள் அடங்கிவிடும்.

---

சொட்டுநீர் எழுதியது:

ஃபோர்க் மோடுக்கு மாற்றியதும் சுழற்சி நின்றது. லிசனர் உள்ளேதான் இருந்தது, வெளியே எடுத்தாயிற்று. கேட்காத நோடுகள் எல்லாம் நீளமான பெயர் கொண்டவைதான். ஜேசனைச் சுருக்கியதும் திறக்கின்றன.

இப்போது உறுத்துவது இது: செய்தி நோடுக்குள் போய்ச் சேராதபோதும் பப்ளிஷ் கால்பேக் ஏன் வெற்றி என்று சொன்னது? இனி வேறு காரணத்தால் போகாமல் இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

---

விரைவுப்பாதை எழுதியது:

க்யூஓஎஸ் 2 போட்டுவிடுங்கள், சரியாக ஒருமுறை போய்ச் சேரும் உத்தரவாதம் அதில்தான் இருக்கிறது.

---

மின்கம்பி எழுதியது:

விரைவுப்பாதை சொல்வது இங்கே உதவாது. சந்தாவின் க்யூஓஎஸ், பப்ளிஷின் க்யூஓஎஸ் இரண்டில் எது குறைவோ அதில்தான் செய்தி நோடுக்குப் போகும். பப்சப்கிளையன்ட் 0 அல்லது 1-இல்தான் சந்தா எடுக்கும், 2 கொடுத்தால் சப்ஸ்கிரைப் ஃபால்ஸ் திருப்பும். அது பப்ளிஷ் செய்வதோ 0-இல் மட்டும்.

அதைவிட முக்கியமானது, எந்த க்யூஓஎஸ் ஆனாலும் அந்த உறுதி உங்களுக்கும் புரோக்கருக்கும் இடையில் மட்டும்தான். புரோக்கருக்கும் நோடுக்கும் இடையில் உள்ளது தனி ஒப்பந்தம். தபாலாபீஸில் ரசீது கொடுத்தால் கடிதம் வீட்டுக்குப் போய்விட்டது என்று ஆகாது இல்லையா, அதே கதை. உங்கள் கால்பேக் புரோக்கர் அனுப்பிய பப்ஆக்கை (பெற்றுக்கொண்டதற்கான ரசீது) பார்த்து வந்தது. நோடு அணைந்திருந்தாலும் வரும். இன்னும் மோசம், ஏசிஎல் (புரோக்கரின் அனுமதிப் பட்டியல்) அந்த டாப்பிக்கில் எழுதத் தடை போட்டிருந்தாலும் 3.1.1-இல் மொஸ்கிட்டோ பப்ஆக் கொடுத்துவிட்டு செய்தியைக் குப்பையில் போடும்.

இங்கேயும் 5-ஆம் வெர்ஷன் கொஞ்சம் கைகொடுக்கும். அனுமதி இல்லையென்றால் பப்ஆக்கில் 135 வரும், எம்க்யூடிடி.ஜேஎஸ் அதைக் கால்பேக்கில் பிழையாகவே தரும். அந்த டாப்பிக்குக் கேட்பவர் யாருமே இல்லையென்றால் மொஸ்கிட்டோ 16 தரும். அது பிழையாகக் கருதப்படாது என்பதால் பாக்கெட்ரிசீவ் ஈவென்ட்டில் பப்ஆக்கைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். லாக் எடுப்பதற்காக எங்கேயாவது # (எல்லா டாப்பிக்குக்குமான) சந்தா ஓடிக்கொண்டிருந்தால் 16 எப்போதும் வராது; அந்தச் சந்தாதாரரே கேட்பவர் ஆகிவிடுகிறார். ஆகவே இதைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், லாஜிக்கை இதன்மேல் கட்டாதீர்கள். நோடுகள் 3.1.1-இலேயே இருக்கலாம், வெர்ஷன் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி.

நோடு உண்மையில் செய்ததா என்பதை நோடுதான் சொல்ல வேண்டும். கட்டளைக்கு ஒரு டாப்பிக், பதிலுக்கு ஒரு டாப்பிக். சர்வீஸில் ஒரு மேப் வைத்து, அனுப்பும்போது ஐடியைச் சாவியாக்கி ப்ராமிஸின் ரிசால்வ் ஃபங்ஷனை அதில் போடுங்கள், கூடவே 5 விநாடி டைமர். பதில் டாப்பிக்கில் அதே ஐடி வந்ததும் டைமரை நிறுத்தி, ரிசால்வ் செய்து, மேப்பிலிருந்து நீக்குங்கள். 5 விநாடியில் வராவிட்டால் அதே ஐடியோடு (புதிய ஐடி வேண்டாம்) மறுபடி அனுப்புங்கள். மூன்று முறைக்கு மேல் போனால் ரிஜெக்ட், அப்போதும் மேப்பிலிருந்து நீக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் மெமரி மெல்ல ஏறும்.

நோடு கடைசியாகச் செய்த ஐடியை வைத்திருக்கட்டும். அதே ஐடி மறுபடி வந்தால் வால்வைத் தொடாமல் பதிலை மட்டும் திரும்ப அனுப்பட்டும். நோடின் பதில் க்யூஓஎஸ் 0 என்பதால் வழியில் தொலையலாம், க்யூஓஎஸ் 1-இல் போகும் கட்டளை இரட்டையாக வரலாம். இரண்டுக்கும் இந்த ஒரே ஏற்பாடு போதும். கட்டளை "மாற்று" என்று இருக்கக்கூடாது. "திற, 600 விநாடி" என்று இருக்க வேண்டும்.

---

பைட்_கணக்கு எழுதியது:

மேலே சொன்னதைப் பப்சப்கிளையன்டில் எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. உள்ளே வரும் செய்திக்கும் வெளியே போகும் செய்திக்கும் லைப்ரரி ஒரே பஃபரைப் பயன்படுத்துகிறது. கால்பேக்குக்குள்ளேயே பப்ளிஷ் கூப்பிட்டால் உங்கள் கையில் இருக்கும் டாப்பிக்கும் பேலோடும் அழிந்து வேறு பைட்டுகள் ஆகிவிடும். ஐடியைத் தனி வரிசைக்கு நகலெடுத்த பிறகே பதில் அனுப்புங்கள். பேலோடு பூஜ்ய பைட்டில் முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்; லெங்த் ஆர்குமென்டைப் பார்த்து நகலெடுக்க வேண்டும்.

அடுத்து, இந்த லைப்ரரி தானாக ரீகனெக்ட் ஆகாது, தானாக மறுசந்தாவும் எடுக்காது. சப்ஸ்கிரைப்பை செட்டப்பில் மட்டும் எழுதியிருந்தால் முதல் வைஃபை வெட்டுக்குப் பிறகு நோடு ரீடிங் அனுப்பும், கட்டளை கேட்காது. உங்கள் மூன்றாவது சிக்கலின் அச்சு அசல் அறிகுறி, காரணம் மட்டும் வேறு. கனெக்ட் ட்ரூ திருப்பும் ஒவ்வொரு முறையும் சப்ஸ்கிரைப் செய்யுங்கள்.

டிலே போட்டு வால்வு நேரத்தை எண்ணாதீர்கள். கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருப்பதைக் காட்டும் இடைவெளி) 15 விநாடி. அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 22.5 விநாடி சத்தமில்லை என்றால் புரோக்கர் வெட்டிவிடும். லூப் ஃபங்ஷன் இடைவிடாமல் ஓட வேண்டும், நேரத்தை மில்லிஸ் கொண்டு கணக்கிடுங்கள். 600 விநாடி முடிந்ததும் வால்வை மூடுவது நோடின் சொந்தப் பொறுப்பாக இருக்கட்டும். "மூடு" என்று சர்வீஸ் சொல்லட்டும் என்று விட்டால், நெட்வொர்க் போன அன்று தோட்டம் குளமாகும்.

நோடுகளின் கிளையன்ட் ஐடியில் சிப் ஐடியைச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஒரே ஃபெர்ம்வேர், ஒரே ஐடி என்றால் பிஎம்2 சண்டை அங்கேயும் நடக்கும்.

---

சொட்டுநீர் எழுதியது:

சிப் ஐடி இருக்கிறது. சப்ஸ்கிரைப் செட்டப்பில்தான் இருந்தது, மாற்றுகிறேன். நோடு அணைந்திருக்கும்போது அனுப்பிய கட்டளை அது எழுந்ததும் கிடைக்கட்டும் என்று ரிடெய்ன் போட யோசித்தேன், சரியா? டாஷ்போர்டு விஷயமும் மிச்சம் இருக்கிறது.

---

மின்கம்பி எழுதியது:

கட்டளைக்கு ரிடெய்ன் வேண்டவே வேண்டாம். நோடு ஒவ்வொரு முறை சந்தா எடுக்கும்போதும் அதே "திற" திரும்ப வரும். மின்சாரம் போய்ப் போய் வரும் நாளில் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் பத்து நிமிடம் தண்ணீர் பாயும். கடைசி ஐடி ராமில் மட்டும் இருந்தால் அதுவும் காப்பாற்றாது.

கிளீன் ஃபால்ஸும் கட்டளைக்கு ஆபத்துதான். இயல்பு நிலையில் மொஸ்கிட்டோ 2.0 ஒரு கிளையன்ட்டுக்கு 1000 செய்திவரை சேர்த்து வைக்கும். நேற்று மாலை சொன்ன "திற" இன்று காலை மழையில் வந்து இறங்கும். நோடு கிளீன் ட்ரூவோடு இணையட்டும். பதில் வராத கட்டளையை என்ன செய்வது என்று சர்வீஸ் தீர்மானிக்கட்டும்.

சர்வீஸ் பக்கமும் இதே மாதிரி ஒரு தேக்கம் இருக்கிறது. புரோக்கர் இல்லாதபோது பப்ளிஷ் செய்தால் எம்க்யூடிடி.ஜேஎஸ் மெமரியில் வரிசைப்படுத்தி, இணைந்ததும் மொத்தமாகக் கொட்டும். க்யூஓஎஸ் 0-க்கு க்யூக்யூஓஎஸ்ஜீரோ ஃபால்ஸ் என்று வைத்தால் இணைப்பு இல்லை என்ற பிழை உடனே கிடைக்கும். க்யூஓஎஸ் 1-க்கு அந்த வசதி இல்லை, அதனால் அனுப்பும் முன் கிளையன்ட்டின் கனெக்டட் பண்பைப் பாருங்கள். சொந்தமாகப் பதிலும் மறுமுயற்சியும் வைத்துவிட்ட பிறகு கட்டளைக்கு க்யூஓஎஸ் 0-ஏ போதும் என்பது என் கருத்து.

ரிடெய்ன் பொருந்துவது நிலைக்கு. நோடு இணையும்போது லாஸ்ட் வில்லாக (இணைப்பு திடீரென அறுந்தால் புரோக்கர் வெளியிடும் செய்தி) "ஆஃப்லைன்", ரிடெய்னோடு. இணைந்தவுடன் அதே டாப்பிக்கில் "ஆன்லைன்", அதுவும் ரிடெய்னோடு. இரண்டாவதை ஒவ்வொரு ரீகனெக்டிலும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு வெட்டுக்குப் பிறகு நல்ல நோடு நிரந்தரமாக ஆஃப்லைன் என்றே காட்டும். மின்சாரம் பிடுங்கப்பட்ட நோடின் வில் வெளிவர அந்த 22.5 விநாடிவரை ஆகும். டாஷ்போர்டு உடனே சிவப்பாகவில்லை என்று தேட வேண்டாம்.

டாஷ்போர்டு: பிரவுசருக்கு நேரடி டிசிபி கிடையாது, எம்க்யூடிடியின் 1883 போர்ட்டுக்கு எப்போதும் போகாது. மொஸ்கிட்டோவில் 9001-இல் இன்னொரு லிசனர், புரோட்டோகால் வெப்சாக்கெட்ஸ். 2.0 முதல் லிசனர் எழுதினால் பெயரில்லாமல் நுழைய அனுமதி இல்லை, பாஸ்வேர்டு ஃபைல் வேண்டும். பக்கம் ஹெச்டிடிபிஎஸ் என்பதால் வெறும் டபிள்யூஎஸ் முகவரியைப் பிரவுசர் தடுத்துவிடும், டபிள்யூஎஸ்எஸ் தான் வழி. என்ஜின்எக்ஸை முன்னால் வைத்து 9001-க்குத் திருப்புங்கள். ஹெச்டிடிபி வெர்ஷன் 1.1, அப்கிரேடு, கனெக்ஷன் ஹெடர்கள் கட்டாயம். அதன் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி, எம்க்யூடிடி.ஜேஎஸ் கீப்அலைவும் இயல்பாக 60. இரண்டும் மோதி இணைப்பு அவ்வப்போது அறும். கீப்அலைவை 30 ஆக்குங்கள் அல்லது டைம்அவுட்டை 300 ஆக்குங்கள். பிரவுசரில் வைக்கும் பாஸ்வேர்டு யார் கண்ணுக்கும் தெரியும் என்பதால் அந்தப் பயனருக்கு ஏசிஎல்லில் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். வால்வைத் திறக்கும் பட்டன் உங்கள் சர்வீஸின் ஹெச்டிடிபி வழியாகப் போகட்டும்.

சோதனைக்காக ஏற்கெனவே ரிடெய்னோடு கட்டளை எதையாவது அனுப்பியிருந்தால் அது புரோக்கரிலேயே உட்கார்ந்திருக்கும். அதே டாப்பிக்கில் காலிப் பேலோடை ரிடெய்ன் ட்ரூவோடு பப்ளிஷ் செய்தால் நீங்கும். எந்த டாப்பிக்கெல்லாம் என்று பார்க்க # சந்தா ஒன்று எடுத்து, மெசேஜ் லிசனரின் மூன்றாவது ஆர்குமென்டான பாக்கெட்டில் ரிடெய்ன் ட்ரூ என்று வருபவற்றை மட்டும் அச்சிடுங்கள். நிலை டாப்பிக்குகளும் அதில் வரும், அவற்றைக் கைவைக்காமல் கட்டளை டாப்பிக்குகளை மட்டும் துடையுங்கள்.